உனக்கென்ன என்றொரு இசைத்தட்டு

நிக்கனோர் பராசா வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்த்துப் பேசி நான் பார்த்தது குறைவு. பேச வேண்டியதையெல்லாம் அவருடைய மோஹான் பேசிவிடும். மோஹான் என்பது அவர் பிக்கோவின், அதாவது தெரு ஆட்டத்துக்குப் பாட்டுப் போடும் ராட்சத சவுண்ட் செட்டின் பெயர். ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள், முகப்பில் சுருட்டுப் பிடிக்கும் ஆற்றுப் பூதத்தின் படம், கண்ணைப் பறிக்கும் பச்சையும் ஆரஞ்சும். ஞாயிறு மதியம் அதைத் தெருவில் இறக்கிப் பாட்டைத் தட்டினால் ஜன்னல் கண்ணாடி மட்டுமில்லை, என் வாணலியில் எண்ணெயும் நடுங்கும். அந்தப் பெட்டிகளுக்குப் பக்கத்திலேயே அடுப்பைப் போட்டு, சோளமாவுக்குள் முட்டை வைத்து அரேப்பா பொரித்து விற்பவள் நான், எனித். ஜனங்கள் ஆடினால்தான் பசி எடுக்கும், பசி எடுத்தால்தான் என் வியாபாரம். அதனால் மோஹானின் சத்தத்தைப் பற்றி வாய் திறக்க எங்கள் பரான்கியா ஊரில் வேறு யாரையும்விட எனக்கு உரிமை அதிகம்.

அவர் மனைவி லெதிஸ் அக்கா. எங்கள் தெருவிலேயே சத்தம் பிடிக்காத ஒரே ஆள். வாழ்க்கைப்பட்டது சத்தத்தின் வீட்டில். அக்காவின் தங்கை ரூபிக்குத் தகங்காவில் கடலைப் பார்த்த வீடு. பின்பக்கம் ஒரு அறை சும்மா கிடக்கிறது. அங்கே அலையும் பக்கத்து வீட்டுக் கோழியும் தவிர வேறு சத்தம் கிடையாது என்று அக்கா சொல்லும்போது, மற்றவர்கள் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லும் முகம் வரும். "போயிடலாம் நிக்கனோர்" என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரும் வருஷக்கணக்காக "பார்க்கலாம்" என்றார்.

கடைசி ஸ்பீக்கர் பெட்டியை வாங்கி வந்த அன்றைக்கு மட்டும் அக்கா தெருவிலேயே நின்று அழுதுவிட்டாள். பெட்டியைத் தூக்கி வந்தவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், நான், எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மனுஷருக்கு வெட்கமாகப் போயிற்று. கையில் பீர் வேறு.

"என் காது போற அன்னிக்கு இதை வித்துடறேன். மறுநாளே தகங்கா. எனித்து, நீதான் சாட்சி" என்றார்.

காது எங்கே போகப் போகிறது என்ற தைரியம்.

பிக்கோக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் சாப்பாட்டைப் பங்கு போடுவார்கள், சட்டையைக் கழற்றிக் கொடுப்பார்கள், பாட்டின் பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள். அந்தக் காலத்தில் கப்பல்காரர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து இசைத்தட்டு கொண்டு வருவார்கள். கைக்கு வந்த உடனே நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைக் காசால் சுரண்டிவிடுவார் நிக்கனோர். பாடியது யார், பாட்டு எது, எந்தத் தட்டு, ஒன்றும் தெரியக் கூடாது. எதிர்த்தெரு பிக்கோக்காரன் தெரிந்துகொண்டால் அவனும் வாங்கிவிடுவானே. பெயரில்லாத அந்தப் பாட்டுகளுக்குத் தெருவே பெயர் வைத்தது. ஒன்று "பல் டாக்டர்". ஒன்று "ஈரச்சட்டை". இன்னொன்று "பாதிரியார் ஓடினார்". அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன்.

தட்டுகள் வெயிலில் நெளிய ஆரம்பித்ததும் அவர் மகளைக் கட்டிய மாப்பிள்ளை ஜெய்னர் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். கைபேசிக் கடை வைத்திருப்பவன், நல்ல பையன், தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்வான். ஒவ்வொரு பாட்டுக்கும் திரையில் கட்டங்கள் இருந்தன: பாடியவர் யார், எந்த இசைத்தட்டு என்று.

"அதையெல்லாம் அழிச்சிடு மாப்ளே."

"காலியா விட்டா அதுவா இன்டர்நெட்ல தேடி நிரப்பிடும் மாமா. ஏதாவது போடணும்."

"அப்போ 'உனக்கென்ன'ன்னு போடு."

ஜெய்னர் சிரித்துக்கொண்டே போட்டான். பாடியவர்: உனக்கென்ன. இசைத்தட்டு: உனக்கென்ன. எல்லாப் பாட்டுக்கும் ஒரே பதில். யாராவது எட்டிப் பார்த்தால் திரை முழுக்க உனக்கென்ன, உனக்கென்ன என்று திட்டும். அதில் நிக்கனோருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பழைய பாட்டுகள் தாழ்ந்து ஒலிக்கும், புதியவை காதைக் கிழிக்கும். அதனால் அவர் ஞாயிறு முழுக்கக் கையைச் சத்தத் திருகியிலேயே வைத்துக்கொண்டு நிற்பார். ஏற்றுவார், இறக்குவார். அந்தத் தெருவில் ஆடாத ஒரே ஜோடி பிக்கோக்காரனும் அவன் மனைவியும்தான். போன நவம்பரில் ஜெய்னர் பாட்டுப் போடும் புரோகிராமில் ஒரு வசதியைக் காட்டினான். அது ஒவ்வொரு பாட்டின் சத்தத்தையும் அளந்து, இதை இவ்வளவு குறை, அதை இவ்வளவு கூட்டு என்று பாட்டோடு எழுதி வைத்துவிடுமாம். பிறகு எல்லாம் ஒரே மட்டத்தில் வருமாம்.

"நீங்க திருகியை விட்டுட்டு அத்தையோட ஆடலாம் மாமா."

லெதிஸ் அக்கா சட்டென்று திரும்பிப் பார்த்தாள். அதைப் பார்த்துத்தான் அவர் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

முதல் ஞாயிறு ஆட வந்தார்கள். அக்கா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, முகத்தில் பவுடரோடு. "ஈரச்சட்டை" ஆரம்பித்தது. பாதி சுற்றுகூட ஆகவில்லை, நிக்கனோர் நின்றுவிட்டார்.

"தாழ்ந்திருக்கு."

"எது?"

"பாட்டு. தாழ்ந்திருக்கு."

"சரியாத்தான் இருக்கு மாமா, கம்ப்யூட்டர் அளந்தது" என்று ஜெய்னர் கத்தினான். அவர் அக்காவின் கையை விட்டுவிட்டுத் திருகிக்குப் போய்விட்டார். அக்கா நடுத்தெருவில் தனியாக நின்றாள். நான் ஒரு அரேப்பாவை எடுத்துக்கொண்டு போய் அவள் கையில் திணித்தேன்; வேறென்ன செய்வது.

அடுத்த ஞாயிறு அதே "ஈரச்சட்டை" எகிறிக்கொண்டு வந்தது என்றார். அதற்கு அடுத்த ஞாயிறு மறுபடி கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்றார். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் ஆமாம் என்றார்கள், பாதிப் பேர் இல்லை என்றார்கள். ரம் உள்ளே போனவன் சாட்சி எதற்குச் செல்லும்? எனக்கா, எண்ணெய்ச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

அப்போதுதான் ஜெய்னர் அந்த வார்த்தையை விட்டான். கெட்ட எண்ணத்தில் இல்லை. கைபேசி வாங்க வருகிறவர்களிடம் பேசிப் பேசி வந்த வாய்.

"மாமா, மெஷின் ஒரு தடவை அளந்தா அளந்ததுதான். இத்தனை வருஷம் பெட்டிக்கு முன்னாடியே நின்னிருக்கீங்க. ஒருவேளை காது..."

அடுக்களையில் அக்கா கையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் அலமாரி மேல் இருந்த பெரிய பயணப் பெட்டி கீழே இறங்கியிருந்தது. லெதிஸ் அக்கா அதைக் கொல்லையில் வைத்துச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பாட்டுப் பாடவில்லை, ஆனால் தேய்க்கிற கையில் பாட்டு இருந்தது. எனக்கு அவளைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா, அவரை நினைத்து வருத்தப்படுவதா என்றே புரியவில்லை. அந்த வாரமே மலம்போவிலிருந்து விலைக்குக் கேட்டு ஒருவன் வந்து, பூசணிக்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி மோஹானைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கார்னிவலுக்கு முன்னால் முடிவு சொல்லுங்கள் என்றான்.

நிக்கனோர் காரணம் தேட ஆரம்பித்தார். வயரை மாற்றினார். மறுபடி தாழ்ந்தது. ஸ்பீக்கர்களைக் கழற்றித் திரும்பப் பூட்டினார். எகிறியது. சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸிடம் காதைக் கழுவிக்கொண்டு வந்தார். பெரிய டாக்டரிடம் காட்டிச் சோதனை பண்ணிக்கொள்ளச் சொன்னேன்.

"ஒரு மெஷின் சொன்னதையே தாங்க முடியலை. இன்னொரு மெஷின்கிட்ட போய்க் கேக்கவா?" என்றார். பயம். அவரிடம் அதுவரை நான் பார்க்காத பயம்.

பிறகு ஒரு நாள் காலை, அவரும் மருமகனும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, "ஈரச்சட்டை"யை மறுபடி அளந்தார்கள். போன வாரம் ஒரு எண் வந்திருந்தது. இப்போது வேறு எண். இன்னொரு தடவை வேறு சில பாட்டுகளோடு சேர்த்து அளந்தார்கள். மூன்றாவதாக ஒரு எண்.

ஜெய்னரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"ஒரு தடவை அளந்தா அளந்ததுதான்னு யாரோ சொன்னாங்க" என்றேன்.

"கரண்ட்டுதான் அக்கா. வோல்டேஜ் ஏறி இறங்குது, அதான் அளவு மாறுது."

எங்கள் பேட்டையில் கரண்டைத் திட்டினால் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். அதனால் எல்லோரும் நம்பினோம். பக்கத்து வீடுகளில் ஃபிரிட்ஜை அணைக்கச் சொல்லிவிட்டு அளந்தார்கள். ஒரு நாள் பழைய எண்ணே வந்தது. ஜெய்னர் துள்ளினான். மறுநாள் மாறிவிட்டது. அப்புறம் சூடு என்றான். கம்ப்யூட்டருக்குக் கீழே என் மீன் ஐஸ் பையை வைத்தார்கள். மேஜையெல்லாம் தண்ணீர், எண் மாறியபடியே. புரோகிராமை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டார்கள். நிக்கனோர் ஆற்றுப் பூதத்தின் படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றினார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

குழப்பம் என்றால் சாதாரணக் குழப்பம் இல்லை. மெஷின் தப்பாக அளக்கிறது என்றால் காது நன்றாக இருக்கிறது என்று ஆகுமா? இரண்டுமே கெட்டிருக்கலாமே. "ரெண்டு கோணல் அளவுகோலை வெச்சிக்கிட்டு எது நேர்னு நான் எப்படிச் சொல்றது?" என்று அவர் என்னிடம் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. அரேப்பா தீய்ந்துபோனதுதான் மிச்சம்.

ஜனவரிக் காற்று கூரைத் தகரத்தைப் பிய்க்கிற ஒரு சனிக்கிழமை காலை. லெதிஸ் அக்கா கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் மரவள்ளிக் கிழங்கு வாங்கிக்கொண்டு வந்தவள் கூடத்தில் நின்று திரையைப் பார்த்தேன். இருவரும் எண்களையே முறைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வரிசை எண்கள். எனக்கு எண் புரியாது; நான் ஓரத்தில் இருந்த எழுத்தைப் பார்த்தேன். உனக்கென்ன, உனக்கென்ன, உனக்கென்ன.

"ஏன்டா ஜெய்னர், இத்தனை பாட்டும் ஒரே தட்டுலயா இருக்கு? எவ்ளோ பெரிய தட்டுடா அது? லாரி சக்கரம் மாதிரி இருக்குமா?"

கிண்டலுக்குத்தான் கேட்டேன். ஜெய்னர் சிரிக்கவில்லை. சுட்டியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"அக்கா, இன்னொரு தடவை சொல்லுங்க."

"லாரி சக்கரம்."

"அதுக்கு முன்னாடி."

அவன் எங்கேயோ நுழைந்து, எதையோ திறந்து, வாய்க்குள்ளேயே படித்தான். பிறகு நாற்காலியில் சாய்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். அந்தப் புரோகிராம் இரண்டு விதமாக அளக்கும். ஒன்று, பாட்டைத் தனித்தனியாக. இன்னொன்று, ஒரு தட்டில் உள்ள பாட்டுகளையெல்லாம் ஒரு குடும்பமாக வைத்து, மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே தீர்ப்பு. தட்டுக்காரர் ஆயிற்றே மாமா என்று ஜெய்னர் ஆரம்பத்திலேயே இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறான். ஆனால் எல்லாப் பாட்டுக்கும் தட்டின் பெயர் உனக்கென்ன. ஞாயிற்றுக்கிழமைக்காக எந்தப் பாட்டுகளைப் பொறுக்கி அளந்தார்களோ, அதுதான் அந்த வாரத்து உனக்கென்ன குடும்பம். கத்துகிற புதுப் பாட்டுகளோடு சேர்த்து அளந்தால் "ஈரச்சட்டை"க்கும் வாயைக் குறை என்று தீர்ப்பு. கிழட்டுப் பாட்டுகளோடு சேர்த்து அளந்தால் கூட்டு என்று தீர்ப்பு. பாட்டு அதேதான். கூட உட்கார்ந்த கும்பல்தான் மாறியிருக்கிறது.

"முதல் வரிசை எண்ணைப் பாருங்க மாமா. அது தனிப் பாட்டோட அளவு. ஒரு நாளும் மாறலை. மாறாததால நாம அதைப் பார்க்கவே இல்லை."

நிக்கனோர் திரையைப் பார்த்தார். தன்னுடைய உனக்கென்னவைப் பார்த்தார். ஊரார் கண்ணிலிருந்து மறைக்கப் போட்ட பெயர்.

"அப்போ ஈரச்சட்டை நிஜமாவே தாழ்ந்துதா?"

"தாழ்ந்தது."

"அடுத்த ஞாயிறு ஏறிச்சா?"

"ஏறிச்சு மாமா. நீங்க சொன்னப்போவெல்லாம் சரி."

அவர் நம்பவில்லை. இத்தனை வாரம் பயந்த மனுஷர், ஒரே பேச்சில் நம்பிவிடுவாரா? சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். போடு என்றார். ஜெய்னர் ஒரு தடவை ஒரு தீர்ப்போடும் மறுதடவை இன்னொன்றோடும் அதே பாட்டைப் போட்டான், சின்னச் சத்தத்தில்.

"ரெண்டாவது தாழ்வு."

"சரி."

"இப்போ முதல்ல வந்தது தாழ்வு."

"சரி."

ஜெய்னர் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஒரே அளவில் இரண்டு தடவை போட்டான்.

"மாமனாரையே ஏமாத்தறியா? ரெண்டும் ஒண்ணுதான்டா."

எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜெய்னர் இரண்டு அளவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் குறைத்துக்கொண்டே போனான். மனுஷர் ஒன்றையும் தப்பவிடவில்லை. கடைசியில் திரும்பி நின்றபோது கன்னம் ஈரமாக இருந்தது. ஜெய்னரின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார். எனக்கும் கண் கலங்கியது. பாதிரியாரைக்கூடக் கும்பிடாத மனுஷர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "லாரி சக்கரம், எனித்து, லாரி சக்கரம்" என்றார்.

ஜெய்னர் தனிப்பாட்டு முறைக்கு மாற்றினான். சுட்டியில் ஒரே ஒரு அழுத்தல், வேலை முடிந்தது. இதற்காகவா என் ஐஸ் பையை வீணாக்கினீர்கள் என்று கேட்டேன்.

நான் கிழங்கை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். லெதிஸ் அக்கா கொல்லையிலிருந்து உள்ளே வந்திருந்தாள். காற்றுக்குக் கதவு படீர் படீரென்று அடித்துக்கொண்டிருந்தது, குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அடுப்பில் தேங்காய்ச் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. வாசலில் வந்து நின்றார் நிக்கனோர்.

"லெதிஸ், என் காது நல்லா இருக்கு. ஒரு குறையும் இல்லை. தப்பெல்லாம் மெஷின்ல."

"நல்லது" என்றாள் அக்கா. சிரிக்கக்கூடச் சிரித்தாள். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். சோற்றைக் கிளறினாள். கிளறிக்கொண்டே உதட்டுக்குள் ஒன்று சொன்னாள். யாருக்கும் சொல்லவில்லை, சோற்றுக்குச் சொன்னாள். தோளோடு தோள் நின்றதால் எனக்கே மட்டுமட்டாகத்தான் கேட்டது.

"என் காதைப் பத்தி யாரு கேட்டா."

நான் நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் நின்ற மனுஷரின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிருந்தது. கதவும் குழாயும் அடுப்பும் போட்ட அத்தனை சத்தத்தையும் தாண்டி அவருக்குக் கேட்டிருக்கிறது. மற்ற நாளாக இருந்தால் "என்ன சொன்னே?" என்று கேட்டிருப்பார், அவளும் ஒன்றுமில்லை என்றிருப்பாள், அதோடு போயிருக்கும். கேட்கவில்லை என்று சொல்ல இனி அவருக்கு வழியில்லை. இப்போதுதானே சத்தியம் பண்ணாத குறையாக நிரூபித்துவிட்டு வந்திருக்கிறார், நானும் ஜெய்னரும் சாட்சி.

குனிந்தபடி கொல்லைக்குப் போனார். தேய்த்த நாளிலிருந்து வெயிலிலேயே கிடந்த பயணப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் நின்றார். அலமாரியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார்.

"இதை எங்கே வைக்கட்டும்?"

"அதையும் நானே சொல்லணுமா?" என்றாள் அக்கா, திரும்பாமல். "உனக்குத்தான் எல்லாம் கேக்குதே."

மறுநாள் ஞாயிறு. பாட்டுகள் ஒன்றுபோல ஒரே மட்டத்தில் வந்தன. திருகியைத் தொட வேண்டிய வேலையே இல்லை. ஆனாலும் நிக்கனோர் திருகிக்குப் பக்கத்திலேயே கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். அக்கா அன்றைக்குப் பவுடர் போடவில்லை, வெளியே வரவும் இல்லை. மலம்போக்காரனுக்கு அவர் இன்னும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பயணப் பெட்டி அலமாரி மேல் ஏறவில்லை, தகங்காவுக்கும் போகவில்லை. கூடத்தின் நடுவில், ஆடும் நாற்காலிக்கும் மோஹானின் பெட்டிகளுக்கும் இடையில் நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் காலில் இடிக்கிறது. இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டு, அடுக்களையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறார்.